ஓய்வுநாளில் துக்கம் இல்லை

ஃபிஷெல் மாவு மூட்டை சுமக்கிறவன். மாவுக் கிடங்கின் முப்பது சுமைகாரர்களையும் அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் வரிசையில் நிறுத்தி, யூதர் சபையின் ஆள் ஒருவன் நாற்காலி மேல் ஏறி நின்று பேசினான். யூதர்களை அடைத்துவைத்த இந்த வேலிக்குள் இருக்கிற பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் அறுபத்தைந்து தாண்டிய கிழடுகளும் ரயிலேற வேண்டும். ஜெர்மன்காரன் உத்தரவு. நம்ம யூதப் போலீசே பிடித்துக் கொடுத்துவிட்டால் அவன் நாய்களோடு உள்ளே வரமாட்டான். போலீசுக்குக் கை போதாது. படுத்துக் கிடக்கிறவர்களை மாடியிலிருந்து இறக்க முதுகு வேண்டும். முதுகு கொடுக்கிறவன் பிள்ளைக்கு விலக்கு உண்டு. ஆனால் பட்டியலில் தலை குறைந்தால் அந்த விலக்குப் பிள்ளைகளிலிருந்து எடுப்பார்கள்.

பேசி முடிக்கிற வரைக்கும் அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முப்பது பேரில் நாலு பேர் வெளியே போனார்கள். மூன்று பேருக்குப் பிள்ளை கிடையாது. நாலாமவனுக்கு இருந்தது. அவன் ஏன் போனான் என்று யாரும் கேட்கவில்லை. ஃபிஷெல் போகவில்லை. கையில் ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். அதில் 'ரைசல், பெண், ஆறு வயது' என்று எழுதியிருந்தது. அவளைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் மற்ற விலக்குப் பிள்ளைகளோடு வைத்துக் கதவைச் சாத்தினார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் காமினர் அட்டையில் முத்திரை போடுவார். முத்திரையைக் காட்டிப் பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம். முத்திரை விழாத அட்டைக்காரன் பிள்ளை அங்கிருந்தே வண்டி ஏறும்.

ரயில் எங்கே போகிறது என்று ஃபிஷெலிடம் யாரும் கதை விட முடியாது. வசந்தத்தில் அனுப்பப்பட்டவர்களின் துணிமணி லாரி லாரியாகத் திரும்பி வந்தபோது இறக்கிப் போட்டவன் அவன். கோட்டு, பாவாடை, சின்னச் சின்ன உள்சட்டை. சில கோட்டுகளில் வீட்டுச் சாவி அப்படியே இருந்தது. ஊர் மாறிக் குடியேறப் போனவன் கோட்டைத் திருப்பி அனுப்புவானா?

மத்தியானத்துக்குள் பதினோரு பேரை இறக்கிவிட்டான். கிழடுகள் முதுகில் கிடந்து முனகின. பிள்ளைகள் கடித்தன. இடது தோளில் ஒரு பெண் பிள்ளை கடித்த இடம் வியர்வை பட்டு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளையின் அம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி இழுபட்டு வந்தாள். அவன் நிற்கவில்லை. நின்றால் யோசனை வரும்.

நாலாவது வீடு, இரண்டாம் மாடி. முன்னால் போலீஸ்காரன் லுட்விக் போனான். வக்கீல் வீட்டுப் பையன். வீட்டில் போலிஷ் பேசி வளர்ந்தவன். தொழுகைக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காத குடும்பம். பின்னால் ஃபிஷெலும் அவன் கூட்டாளி ஷ்லாமாவும். ஷ்லாமாவுக்கு இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் இருந்தன. காலையில் கூலியாகக் கொடுத்த ரொட்டியை அவன் இன்னும் மென்றுகொண்டிருந்தான்.

"எப்படிடா உனக்கு இறங்குது?" என்றான் ஃபிஷெல்.

"வாய்க்கும் மனசுக்கும் நான் எப்பவோ பாகம் பிரிச்சு விட்டுட்டேன்டா" என்றான் ஷ்லாமா.

லுட்விக் பட்டியலைப் பார்த்துப் படித்தான். "நஃப்தலி, எழுபத்திரண்டு. பேரன் கோபல், நாலு வயசு." கதவைத் தட்டாமல் தள்ளினான்.

ஒரே அறை. ஜன்னலோரம் கட்டிலில் கிழவர் கிடந்தார். சுவர் நெடுக வைக்கோல் பின்னல் சுருள்கள், ஒவ்வொன்றும் வண்டிச் சக்கரம் பருமன், இடுப்பளவு உயரம். ஜெர்மன் சிப்பாய்களுக்குப் பனிக்காலத்தில் பூட்ஸ் மேல் மாட்ட வைக்கோல் செருப்பு தைக்கிற பட்டறைக்கு அந்த வீட்டுக்காரி பின்னல் பின்னிக் கொடுக்கிறாள். பெயர் ஸெல்டா. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். புருஷன் போன பனிக்காலம் டைபாய்டில் போய்விட்டான்.

அவள் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பில்லை. சட்டையின் மார்புப் பக்கம் ஒரு சாண் கிழித்திருந்தாள். சுவர்க் கண்ணாடியைத் துணி போட்டு மூடியிருந்தாள்.

"பையன் எங்கே?" என்றான் லுட்விக்.

"செத்துட்டான்யா. புதன்கிழமை. வயித்தால போச்சு."

"புதைச்ச சீட்டு?"

"இடுகாட்டுல எட்டு நாளா பொணம் அடுக்கிக் கெடக்குது. சீட்டு பிறகு தர்றேன்னு சொன்னாங்க."

லுட்விக் தொப்பியைக் கழற்றினான். கிழிந்த சட்டையைப் பார்த்தான், மூடின கண்ணாடியைப் பார்த்தான். இழவு வீட்டில் சட்டையைக் கிழித்துக்கொண்டு, கண்ணாடியை மூடி, ஏழு நாள் தரையில் உட்காருவார்கள் என்கிற அளவுக்கு அவனுக்கும் தெரியும். முகம் கொஞ்சம் இளகியது. கடமைக்குக் கட்டிலடியில் குனிந்து பார்த்தான். அலமாரியைத் திறந்தான். கையிலிருந்த இரும்புக் கம்பியால் படுக்கையைக் குத்தினான். சுருள்களின் பக்கம் போனவன், பட்டறையின் ஈய முத்திரையைப் பார்த்துவிட்டுக் கம்பியைத் தாழ்த்தினான். ராணுவச் சாமானில் ஓட்டை விழுந்தால் அவன் தலை போகும்.

ஃபிஷெல் கதவருகிலேயே நின்றான்.  பொம்பளை, என்ன காரியம் செய்துவிட்டாய்?

இன்றைக்குச் சனிக்கிழமை. ஓய்வுநாள். பெற்ற பிள்ளையே செத்தாலும் ஓய்வுநாளில் துக்கம் கிடையாது. வெள்ளி பொழுது சாய்ந்ததும் எழுந்து, முழுச் சட்டை போட்டு, செருப்பு மாட்டி, நாற்காலியில்தான் உட்கார வேண்டும். அழுகையை வயிற்றுக்குள் அடக்க வேண்டும். நட்சத்திரம் தெரிந்த பிறகு மறுபடி தரை. இது ஃபிஷெல் மாதிரி எழுத்தறியாத சுமைகாரனுக்கும் தெரியும். வருஷா வருஷம் இழவு பார்த்த வீட்டில் பிறந்த இவளுக்குத் தெரியாதா? தெரியும். பயத்தில் கிழமை மறந்துவிட்டது. நிஜமாகவே பிள்ளையைப் பறிகொடுத்தவளை நேற்றுச் சாயங்காலம் யாராவது கைதூக்கி எழுப்பியிருப்பார்கள். இவளை யாரும் எழுப்பவில்லை. ஏனென்றால் துக்கமே இன்றைக்குக் காலையில்தான் ஆரம்பித்திருக்கிறது.

பையன் உயிரோடு இருக்கிறான். இந்த அறைக்குள்ளேயே இருக்கிறான்.

அவன் கண் தானாகச் சுருள்கள் மேல் போயிற்று. ஏழு சுருள். ஆறு தரையில் உப்பி நின்றன. மூலையில் இருந்த ஏழாவதின் அடிச் சுற்றுகள் மட்டும் அமுங்கியிருந்தன. வைக்கோலுக்கு அப்படி அமுங்குகிற கனம் இல்லை.

சட்டென்று கட்டிலிலிருந்து கிழவர் கத்தினார். "ஏய் ஸெல்டா! ஓய்வுநாளும் அதுவுமா தரையில என்ன உட்கார்ந்துக்கிட்டு? எந்திரி! எவன் செத்தான் இங்க?"

ஸெல்டாவின் முகம் வெளுத்துப்போயிற்று. அப்போதுதான் அவளுக்குக் கிழமை ஞாபகம் வந்தது.

"என்ன சொல்றாரு?" என்று லுட்விக் திரும்பினான்.

"பெரியவருக்குப் புத்தி கலங்கிப் போச்சுங்கய்யா" என்றான் ஃபிஷெல். தன் வாயிலிருந்து வந்த பேச்சு அவனுக்கே யாரோ பேசினது மாதிரி இருந்தது. "பேரன் போனதே அவருக்கு உறைக்கல. காலையிலேர்ந்து எத்தனை கிழத்தைப் பார்த்துட்டோம். பாதிப் பேரு இப்படித்தான்."

லுட்விக் தலையாட்டினான். "சரி, ஆனா பட்டியல்ல ஒரு தலை குறையுது. நான் எழுத முடியாது. காமினர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும். கீழே முற்றத்துலதான் இருக்காரு, கூட்டிட்டு வர்றேன். கிழவரைத் தயார் பண்ணி வைங்க." படியிறங்கிப் போனான்.

 லுட்விக்கை ஏமாற்றலாம். காமினர் யார்? சண்டைக்கு முன்பு இதே தெருவில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுத்த வாத்தியார். ஓய்வுநாளில் தரையில் உட்கார்ந்திருக்கிற துக்கக்காரியைக் கண்டால் வாசலிலேயே அவருக்கு விளங்கிவிடும். சுருள்களைப் பிரிக்கச் சொல்வார்.

ஷ்லாமா மெல்லுவதை நிறுத்திவிட்டான். அவன் அப்பா சவம் கழுவிப் புதைக்கிற சங்கத்தில் நாற்பது வருஷம் இருந்தவர். அவனுக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

"நீ பார்க்கல. நானும் பார்க்கல" என்றான் தணிந்த குரலில். "அவரு வந்து கண்டுபிடிச்சா அவரு பாடு. நம்ம கையில ஒண்ணுமில்ல."

"கையில இருக்குடா."

"என்ன இருக்கு? காலையில சொன்னானே, காதுல விழலையா? தலை குறைஞ்சா விலக்குப் பிள்ளையிலிருந்து எடுப்போம்னு. என்னோட ரெண்டும் உன்னோட ஒண்ணும் அங்க கெடக்குது. இவ பையனுக்காக எம்பையனைக் கொடுக்கணுமா? சொல்லு பார்ப்போம்."

ஸெல்டா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கெஞ்சவில்லை. கெஞ்சினால் படிக்கட்டில் கேட்கும்.

ஃபிஷெல் அவளிடம் போனான். "எந்திரிம்மா" என்றான். அவள் அசையவில்லை. கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். மூட்டை மாதிரிதான் தூக்கினான். வேறு மாதிரி தூக்க அவனுக்குத் தெரியாது. "செருப்பு எங்க? போடு. கண்ணாடித் துணியை எடு. சால்வை இருக்கா? கிழிசல் தெரியாம போர்த்திக்க. இன்னிக்கு சனிக்கிழமை, புத்தி கெட்டவளே. அழாதே. காமினர் கேட்டா, நேத்து சாயங்காலம் எந்திரிச்சேன், ராத்திரி மறுபடி உட்காருவேன்னு சொல்லு."

"அண்ணே..."

"அண்ணனும் வேணாம் ஒண்ணும் வேணாம். செருப்பைப் போடு."

"பைத்தியக்காரா" என்றான் ஷ்லாமா. ஆனால் கண்ணாடி மேலிருந்த துணியை உருவியது அவன்தான். உருவிவிட்டு, "மூடினது மூடினபடியே இருக்கட்டுமா?" என்று தானே கேட்டுக்கொண்டான். அந்த விஷயம் இருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஓய்வுநாளில் கண்ணாடியைத் திறப்பதா, விடுவதா? ஷ்லாமா துணியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. துணியைக் கிழவரின் போர்வைக்கடியில் திணித்தான்.

காமினர் மெலிந்த மனுஷன். மூச்சு வாங்கியது. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஸெல்டாவைப் பார்த்தார், பிறகு லுட்விக்கை.

"தரையில உட்கார்ந்திருக்கான்னு சொன்னே?"

"உட்கார்ந்துதான் இருந்தா..."

"ஓய்வுநாள் இல்லையா சார்" என்று ஃபிஷெல் குறுக்கே விழுந்தான். "பாவம், நாலு நாளா தூக்கமில்ல. தடுமாறித் தரையில சரிஞ்சு கெடந்தா. நாந்தான் தூக்கி உட்கார வெச்சேன்."

காமினர் அவளிடம் கேட்டார்: "எப்போ எழுந்தே?"

"நேத்து விளக்கேத்தறப்ப."

"மறுபடி?"

"ராத்திரி உட்காருவேன்."

"புதைச்சப்போ பிரார்த்தனை சொன்னது யார்?"

ஸெல்டாவின் வாய் திறந்தது.  ஜன்னல் கண்ணாடியில் ஒரு ஈ முட்டிக்கொண்டிருந்தது. மூலையில் வைக்கோல் லேசாக 'சரக்' என்றது. ஃபிஷெலுக்குக் கேட்டது, மற்றவர்களுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவன் இருமினான். மாவுத்தூசி குடித்த நெஞ்சு, இருமலுக்குப் பஞ்சமில்லை. விடாமல் இருமி முடித்துவிட்டுச் சொன்னான்:

"அவளுக்கு எப்படி சார் தெரியும்? பொம்பளைய இடுகாட்டுக்கு யாரு விட்டா? புதன்கிழமை பையனைத் தூக்கிட்டுப் போனது நான். வேலை முடிஞ்சு போறப்ப கூப்பிட்டா. துணியில சுத்திக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்க இருந்த ஒரு தாடிக்காரரு ரெண்டு வரி சொன்னாரு. பேரு கேட்கல."

"நீயா?"

"நானேதான்."

"சாட்சி எழுதட்டுமா?"

ஷ்லாமாவின் கால் ஃபிஷெலின் காலை மிதித்தது.

"எழுதுங்க."

"அட்டையைக் கொடு."

ஃபிஷெல் மஞ்சள் அட்டையை நீட்டினான். காமினர் அதன் எண்ணைப் பட்டியலில் கோபல் பெயருக்கு எதிரே எழுதினார். "பையன் எங்கேயாவது அகப்பட்டால் இந்த அட்டை செல்லாது. புரியுதா?"

"புரியுது சார்."

அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பேனா மூடியை இரண்டு தரம் திருகினார். "கிழவரை இறக்குங்க" என்றார்.

கிழவர் நஃப்தலியைத் தூக்கும்போது அவர் ஃபிஷெலின் காதைப் பிடித்துத் திருகினார். "ஓய்வுநாள்ல சுமை தூக்குறியேடா, வெட்கமா இல்ல?"

"இல்ல தாத்தா."

"என் எடைக்கு இது பாவமே இல்ல, போ. காத்தைத் தூக்கினா பாவமா?" சிரித்தார். பிறகு அவன் காதுக்குள் தெளிந்த குரலில் சொன்னார்: "நான் கத்தினது தப்புதான், தம்பி. கத்தின பிறகுதான் புத்தி வந்துச்சு."

ஃபிஷெல் படியிறங்கினான்.

முற்றத்தில் குதிரை வண்டி நின்றது. அதில் எட்டுப் பேர் இருந்தார்கள். வாசலில் ஒரு ஜெர்மன்காரன் இருந்தான். உள்ளே வரமாட்டார்கள் என்று சொன்ன பேச்சு மத்தியானத்தோடு முடிந்துவிட்டிருந்தது. காமினர் விறைத்து நின்று பட்டியலை நீட்டி, ஒரு பிள்ளை புதன்கிழமையே இறந்துபோன விவரத்தைச் சொன்னார். ஜெர்மன்காரன் தாளைப் பார்க்கவே இல்லை. வண்டியில் இருந்த தலைகளை எண்ணினான். கிழவரோடு ஒன்பது.

"பத்து" என்றான்.

ஸெல்டா மாமனாரின் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கி வந்திருந்தாள். கிழவர் வெறுங்காலோடு போகக் கூடாதாம். ஜெர்மன்காரன் விரலை நீட்டினான்.

"பத்து" என்றான் மறுபடி.

"அவளுக்கு வேலை அட்டை இருக்கு, பட்டறை ஆள்..." என்று காமினர் தொடங்கினார். ஜெர்மன்காரன் கையுறையைக் கழற்றி அவர் கன்னத்தில் விட்டான். பெரிய அடி இல்லை. தொப்பி விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார்.

ஸெல்டா கத்தவில்லை. கத்தினால் ஏன் கத்துகிறாள் என்று பார்ப்பார்கள். மாடி வரை பார்ப்பார்கள். செருப்பைக் கிழவர் மடியில் வைத்தாள், வண்டிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறினாள். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. பார்த்தது ஃபிஷெலை மட்டும். அவ்வளவு நேரம் யாரும் அவனை அப்படிப் பார்த்ததில்லை. வண்டி நகர்ந்து திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அவள் கண்ணை எடுக்கவில்லை.

ஜெர்மன்காரனும் காமினரும் வண்டியோடு போனார்கள். வாசலில் லுட்விக் நின்று அடுத்த வீட்டுப் பட்டியலைப் புரட்டினான்.

"என் பட்டையை மேல விட்டுட்டு வந்துட்டேன்" என்றான் ஃபிஷெல்.

சுமை தூக்கும் தோல்பட்டை அவன் தோளிலேயே தொங்கியது. ஷ்லாமா அதைப் பார்த்தான். "விடுடா" என்றான் பல்லுக்கிடையில். "அம்மாவே போயிட்டா. உன் அட்டை நம்பர் அந்தத் தாள்ல இருக்கு. பையன் அகப்பட்டா ரைசல் போச்சு. விட்டுட்டா யாருக்கும் தெரியாது. சத்தமில்லாம கெடந்து..."

"கெடந்து?"

ஷ்லாமா முடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு லுட்விக்கிடம் போனான். "ஐயா, அடுத்த வீட்டுல எத்தனை மாடி? மூணா? நாலா? என் முட்டி கேக்குதுங்க" என்று அவனை மறைத்து நின்றுகொண்டு பேச ஆரம்பித்தான்.

ஃபிஷெல் படியேறினான். மூலைச் சுருளின் மேல் வளையத்தைத் தூக்கினான். உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு பையன் உட்கார்ந்திருந்தான். வாயில் ஒரு கந்தலைச் சுருட்டித் தானே வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான். அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கால்சட்டை நனைந்திருந்தது.

"அம்மா?" என்றான் கந்தலை எடுத்துவிட்டு.

"கடி. எடுக்காதே. உன்னைத் தூக்கிட்டுப் போறேன். நான் சொல்ற வரைக்கும் நீ வைக்கோல். வைக்கோல் அசையுமா?"

பையன் தலையை ஆட்டினான். பிறகு அதுவும் அசைவுதான் என்று விளங்கி நிறுத்திக்கொண்டான்.

சுருளை மூடிப் பட்டையை மாட்டி முதுகில் ஏற்றினான். பின்னலோடு சேர்த்து இருபத்தைந்து கிலோ இருக்கும். நூறு கிலோ மாவு மூட்டை சுமந்த முதுகுக்கு இது சுமையே இல்லை. ஆனால் கனத்தைச் சுமப்பது வேறு, கனம் இல்லாதது போல் சுமப்பது வேறு. கனம் ஏறியவன் குனிவான், முழங்கால் மடியும், படிக்கு ஒரு மூச்சு விடுவான். அதெல்லாம் இவனுக்கு இருபது வருஷப் பழக்கம். உடம்பு தானாகச் செய்யும். அதைச் செய்ய விடாமல் முதுகை நிமிர்த்தி, வாயில் ஒரு சீழ்க்கையோடு இறங்க வேண்டும். அடிவயிற்றில் என்னவோ பிடித்து இழுத்தது. சீழ்க்கையை விடவில்லை.

"இது என்ன?" என்றான் லுட்விக்.

"பின்னல்ங்கய்யா. வீட்டுல ஆளே இல்லாம போச்சு. ராணுவச் சாமான் காணாமப் போனா நாளைக்கு யாரைக் கேப்பாங்க? கடைசியா வீட்டுக்குள்ள போன நம்ம மூணு பேரைத்தான். பட்டறையில போட்டுட்டு ஓடி வந்துடறேன்."

"ஏழு சுருள் இருந்துச்சே."

"ஒவ்வொண்ணாத்தானே முடியும். முதுகு ஒண்ணுதான் கொடுத்திருக்கான் கடவுள்."

லுட்விக் கிட்ட வந்தான். கம்பி முனையால் சுருளின் வெளிச்சுற்றைத் தட்டினான். ஃபிஷெலின் முதுகில் சின்னதாக ஒரு துடிப்பு, நெஞ்சுக்கு நேராக, வேகவேகமாக. தன்னுடையதா பையனுடையதா என்று அவனுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"கனமா?"

"வைக்கோலுக்கு என்னங்கய்யா கனம்?" பட்டையை உலுக்கி, சுருளை முதுகிலேயே ஒரு துள்ளல் துள்ள வைத்துப் பிடித்தான். உள்ளே தலை எங்கேயோ இடித்திருக்கும். சத்தம் வரவில்லை.

"வைக்கோல் தூக்குறதுன்னா இவன் முதல் ஆளா ஓடுவான்" என்றான் ஷ்லாமா. "மூணாம் மாடிக் கிழவி கனமெல்லாம் என் தலையில. போடா, போய்த் தொலை. சீக்கிரம் வா, சொல்லிட்டேன்."

லுட்விக் கடிகாரத்தைப் பார்த்தான். "கால் மணி. ஒரு நிமிஷம் கூடினா உன் அட்டையில எழுதிடுவேன்."

ஃபிஷெல் தெருவில் இறங்கினான். பட்டறை வலப்பக்கம். அவன் வீடு அதற்கு முந்தின சந்து. ஊரடங்கில் தெரு துடைத்துவிட்டது போலக் கிடந்தது. எங்கோ இரண்டு தெரு தள்ளித் துப்பாக்கி வெடித்தது. ஓடக் கூடாது. வைக்கோல் சுமக்கிறவன் ஓடமாட்டான். திருப்பம் தாண்டியதும் ஓடினான்.

அவன் பெண்டாட்டி ஹிண்டா கதவைத் திறந்தாள். காலையிலிருந்து அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் சுருளை இறக்கி வளையத்தை எடுத்தான். அவள் எட்டிப் பார்த்தாள்.

"இது யாருது?"

"வைக்கோல்காரி ஸெல்டாவோடது. அவளையும் கொண்டுபோயிட்டாங்க."

"எம்பொண்ணு எங்கய்யா?"

"அஞ்சு மணிக்கு."

"அஞ்சு மணிக்கு எம்பொண்ணக் கொண்டாய்யான்னா, அதுக்குள்ள ஊராம் பிள்ளையத் தூக்கிட்டு வந்து நிக்கிறே. ஒரு அட்டைக்கு எத்தனை பிள்ளைய்யா? நாளைக்கு இந்த வீட்டைச் சோதிச்சா?"

"பையன் அகப்பட்டா அட்டை செல்லாது. சாட்சி நான்."

ஹிண்டா அவனை அடித்தாள். கன்னத்திலும் நெஞ்சிலும் கை போன இடத்திலெல்லாம் அடித்தாள். அவன் நின்று வாங்கிக்கொண்டான். பையன் வைக்கோலுக்குள்ளிருந்து கந்தலைக் கடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கை ஓய்ந்ததும் அவனைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினாள். ஈரக் கால்சட்டை அவள் கோட்டில் பட்டது.

"எத்தனை நாழியா நனைஞ்சு கெடக்கறே, சனியனே" என்றாள். "போய்யா. நின்னுக்கிட்டு என்னத்தப் பார்க்கறே? போய் அவளக் கூட்டிட்டு வா. ரெண்டையும் வெச்சுக்கிட்டு எப்படிச் சாகறதுன்னு ராத்திரி யோசிக்கலாம்."

ஐந்து மணிக்குள் இன்னும் மூன்று வீடு. ஏழு பேரை இறக்கினான். அடிவயிற்றில் குடல் இறங்கிக் கோழிமுட்டை அளவுக்கு ஒரு கட்டி புடைத்திருந்தது. கையால் உள்ளே அமுக்கிக்கொண்டே படியிறங்கினான்.

பள்ளிக்கூட வாசலில் வரிசை நகரவே இல்லை. காமினரின் கன்னம் ஒரு பக்கம் சிவந்திருந்தது. ஷ்லாமாவின் அட்டையில் முத்திரை விழுந்தது. அடுத்து ஃபிஷெல்.

காமினர் அட்டையை மேசை மேல் வைத்துக்கொண்டு எண்ணைப் பார்த்தார். பட்டியலைப் புரட்டி அதே எண்ணைத் தேடி எடுத்தார். விரல் அதன் மேல் நின்றது.

"புதன்கிழமை" என்றார் மெதுவாக. "இடுகாட்டு வாசல்ல அன்னைக்குக் காவல் என்னோடது. காலையிலேர்ந்து ராத்திரி வரை."

 கதவுக்கு அப்பால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பின்னால் நின்றவன், "என்னப்பா, சீக்கிரம்" என்றான்.

காமினர் நிமிரவில்லை. முத்திரையை மையில் ஒற்றினார். அட்டையின் ஓரத்தில் வைத்து, தன் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினார்.

"அடுத்தவன்" என்றார்.

ரைசல் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு வந்தாள். அழுது முடித்த முகம். தெருவில் பாதி தூரம் வந்தாயிற்று. துப்பாக்கிச் சத்தம் நின்றிருந்தது.

"வீட்டுல ஒரு பையன் இருக்கான்" என்றான் ஃபிஷெல். "அவன் இருக்கான்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. கூட விளையாடற பிள்ளைங்ககிட்டக் கூட."

"அவங்கள்லாம் போயிட்டாங்கப்பா."

"சரி. யார்கிட்டயும்."

அவள் யோசித்துக்கொண்டே நடந்தாள்.

"அவன் என் ரொட்டியத் தின்பானா?"

"தின்பான்."

"எவ்வளவு?"

"பாதி."

ரைசல் நின்றுவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று ஃபிஷெல் அந்தக் காலித் தெருவில் காத்து நின்றான்.

"சின்னப் பாதிதான்" என்றாள் அவள் கடைசியில். நடக்க ஆரம்பித்தாள்.